படிக்க மட்டுமே உள்ள தளத்திற்கும் எச்டிடிபிஎஸ் வேண்டுமா?

கேள்வி: சுவடிக்கட்டு

வணக்கம். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வட்டாரத்துச் சிற்றூர்களில் நடந்து சேகரித்த தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாடல்களையும் சில கோயில் கல்வெட்டுகளின் படிகளையும் தட்டச்சு செய்து, 2004 முதல் ஒரு சிறிய தளத்தில் இட்டு வருகிறேன். ஏறக்குறைய அறுநூறு பக்கங்கள். எல்லாம் கையால் எழுதிய எச்டிஎம்எல் கோப்புகள். உறுப்பினர் பதிவு, கடவுச்சொல், கருத்துப் பெட்டி எதுவும் கிடையாது. வருகிறவர்கள் படிப்பார்கள், சிலர் படியெடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள்.

தளம் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கிய இணைப்பில் இல்லாமல் வெறும் எச்டிடிபியில் இயங்குவதால், சில ஆண்டுகளாக உலாவிகள் முகவரிப் பட்டையில் என் தளத்தைப் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகின்றன. சென்ற வாரம் என் அக்காள் மகன் அதைப் படம்பிடித்து அனுப்பி, "மாமா, தளத்திற்குள் யாராவது புகுந்துவிட்டார்களா?" என்று கேட்டான். தளத்திற்கு இடம் தரும் நிறுவனத்திடம் விசாரித்தால், ஆண்டுக் கட்டணம் செலுத்தினால், எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய, தளம் என்னுடையதுதான் என்று உலாவிக்கு உறுதிசொல்லும் சான்றிதழைத் தருவதாகச் சொல்கிறார்கள். அந்தக் கட்டணம் நான் இடத்திற்குச் செலுத்தும் வாடகையைவிட அதிகம்.

வங்கிக்கும் கடைக்கும் மறையாக்கம் தேவை என்பது எனக்கு விளங்குகிறது. ஊர் கூடி அழுத ஒப்பாரியை மறைத்து அனுப்புவதால் யாருக்கு என்ன பயன் என்பதுதான் விளங்கவில்லை. இது சான்றிதழ் விற்பவர்களின் வணிகமா, அல்லது உண்மையிலேயே காரணம் இருக்கிறதா? மாற்றினால் பழைய போன்களில் தளம் திறக்குமா? சில ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் என் பக்க முகவரிகள் அச்சேறியிருக்கின்றன, அவை செத்துப்போகுமா?

இதற்குத் தொடர்பில்லாத இன்னொன்று. வாசகி ஒருவர், ஒப்பாரிப் பக்கத்தின் அடியில் சூதாட்ட விளம்பரம் வருகிறது, தந்தையின் உழைப்பை இப்படியா விற்பது என்று கடிந்து எழுதியிருந்தார். நான் விளம்பரமே இடுவதில்லை. அவருடைய போனில் ஏதோ கோளாறு என்று பதில் எழுதிவிட்டேன்.

பதில் 1: தெற்குவாசல்

ஐயா, தொடர்பில்லாதது என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட கடைசிப் பத்தியில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

"மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது" என்று கேட்கிறபோது, உங்கள் சர்வரின் பக்கம் நின்றுகொண்டு கேட்கிறீர்கள். வாசகரின் பக்கம் நின்று பாருங்கள். அவர் ஒரு பேருந்து நிலையத்து வைஃபையில் உங்கள் பக்கத்தைக் கேட்கிறார். அந்தக் கோரிக்கை வைஃபை பெட்டி, அதற்கு இணைப்புத் தந்த நிறுவனம், அதற்கும் மேலுள்ள பெரிய வலையமைப்புகள் என்று பல கைகள் மாறி உங்கள் சர்வரை அடைகிறது. விடையும் அவ்வாறே திரும்புகிறது. வெறும் எச்டிடிபியில் அந்தக் கைகள் ஒவ்வொன்றும் உங்கள் பக்கத்தைப் படிக்கலாம் என்பதோடு, திருத்தவும் செய்யலாம். திருத்தப்பட்டதா இல்லையா என்று கண்டறிய வாசகரின் உலாவிக்கு எந்த வழியும் இல்லை.

ஏட்டுச் சுவடிகளோடு பழகியவருக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. மூல ஏட்டிலிருந்து ஒருவர் பெயர்த்தெழுதுகிறார், அதிலிருந்து இன்னொருவர். நடுவில் ஒருவர் தம் ஊர்ப் பெருமையாக இரண்டு அடிகளைச் சேர்த்துவிடுகிறார். கடைசிப் படியை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு எது பாடம், எது இடைச்செருகல் என்று எப்படித் தெரியும்? மறையாக்கம் என்ற சொல்லில் மறைத்தல் மட்டும் துலங்குவதால், எச்டிடிபிஎஸ் செய்யும் மற்றொரு வேலை நம் கண்ணில் படாமல் போகிறது. சர்வரிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு துணுக்கோடும் ஒரு சரிபார்ப்பு முத்திரை செல்கிறது. வழியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாமல் உலாவி அந்த இணைப்பையே முறித்துவிடும். உங்கள் தளத்தைப் பொறுத்தவரை மறைவைவிட இந்த மாறாமையே பெரிது.

இது வெறும் கற்பனை அச்சமும் அன்று. 2015இல் பெங்களூரு நிரலர் ஒருவர் தம் சொந்தத் தளத்தைக் கைப்பேசி இணைப்பு வழியாகத் திறந்து மூலநிரலைப் பார்த்தபோது, தாம் எழுதாத ஒரு நிரல்துண்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பில் அது நுழைந்திருந்தது. அவர் அதை வெளியிட்டதும், அந்த நிரலை உருவாக்கிய நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடமிருந்து அவருக்கே எச்சரிக்கை அறிவிப்பு வந்தது! அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம், தன் கைப்பேசி வாடிக்கையாளர்கள் அனுப்பிய எச்டிடிபி கோரிக்கைகள் ஒவ்வொன்றிலும் அவரவரை அடையாளம் காட்டும் ஓர் எண்ணைச் செருகி வந்தது. வாடிக்கையாளர் குக்கிகளை (தளங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் குறிப்புகளை) அழித்தாலும் அந்த எண் அழியாது. 2016இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அதற்காக 13.5 லட்சம் டாலர் தண்டம் விதித்தது.

இவற்றைவிடக் கொடிய நிகழ்வு 2015 மார்ச்சில் நடந்தது. சீனத் தேடுபொறியான பைடுவின் வருகைக் கணக்கு நிரலை உலகெங்கும் பல தளங்கள் பயன்படுத்தி வந்தன. அந்த நிரல் வெறும் எச்டிடிபியில் பயணித்தது. சீன எல்லையில் அமைந்த ஒரு கருவி, அவ்வழியே வந்த கோரிக்கைகளில் ஒரு சிறு பங்கிற்கு, உண்மையான நிரலுக்குப் பதிலாகத் தாக்குதல் நிரலைத் திருப்பி அனுப்பியது. சீனாவுக்கு வெளியே ஏதோ ஒரு தளத்தைச் சும்மா படித்துக்கொண்டிருந்தவர்களின் உலாவிகள், அவர்கள் அறியாமலே, நிரலர்கள் தம் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின்மீது கோரிக்கைகளைக் கொட்டின. தாக்குதல் பல நாட்கள் நீடித்தது. பைடுவின் சர்வர்களுக்குள் யாரும் நுழையவில்லை. நடுவழியில் நின்றதே போதுமானதாக இருந்தது.

ஆகவே அந்த வாசகியின் போனைக் குறை சொல்வதற்குமுன், அவர் எந்த இணைப்பில் படித்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

மறைவைப் பற்றியும் ஒரு சொல். விக்கிப்பீடியாவும் பெரும்பாலோருக்குப் படிக்க மட்டுமே உள்ள தளம்தான். அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பு பற்றி 2013இல் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்களில், இலக்காகக் கூடிய தளங்களின் வரிசையில் விக்கிப்பீடியாவின் சின்னமும் இருந்தது. 2015 ஜூனில் விக்கிப்பீடியா முழுவதுமாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியது. அதன்பின் நடுவில் இருப்பவருக்கு, ஒருவர் விக்கிப்பீடியாவுக்குப் போகிறார் என்பது தெரியுமே தவிர, எந்தக் கட்டுரையைப் படிக்கிறார் என்பது தெரியாது. பிடிக்காத ஒரு கட்டுரையை மட்டும் தடுப்பதும் இயலாமல் போனது. தடுத்தால் முழுவதையும் தடுக்க வேண்டும். துருக்கி 2017 ஏப்ரல் முதல் 2020 ஜனவரி வரை அப்படியே முழுவதையும் தடுத்து வைத்தது. அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அது கருத்துரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்த பிறகுதான் தளம் திறந்தது. ஒரு பக்கத்தைச் சத்தமில்லாமல் மறைப்பது எளிது. ஒரு கலைக்களஞ்சியத்தையே ஊரறியப் பூட்டினால் வழக்கு வரும்.

பதில் 2: கரிசல்காடு

முந்தைய பதிலில் சொல்லப்பட்ட நிகழ்வுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய தளங்களைப் பேணுகிற ஒருவன் என்ற முறையில், இந்த மாற்றத்திற்கு நாம் கொடுக்கும் விலையையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில், எச்டிடிபிஎஸ் தளங்களின் முகவரிப் பட்டையில் உலாவிகள் காட்டிய பூட்டுச் சின்னத்தை மக்கள் நேர்மைக்கான சான்று என்று எடுத்துக்கொண்டார்கள். வங்கியின் பெயரில் ஏமாற்றும் போலித் தளங்களும் முறையான சான்றிதழ் பெற்றே இயங்குகின்றன. இணைப்பு பாதுகாப்பானது, ஆனால் மறுமுனையில் இருப்பவன் திருடன். இந்தக் குழப்பம் தீரவில்லை என்பதால்தான் 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது.

அடுத்து, நம்பிக்கையை யாரிடம் ஒப்படைக்கிறோம்? உலாவிகள் நம்பும் பட்டியலில் உள்ள, சான்றிதழ் வழங்கும் அமைப்புகளில் எது ஒன்று கெட்டாலும் எல்லாருக்கும் கேடு. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்திற்குள் 2011இல் ஊடுருவியவர்கள், கூகுள் உட்பட வேறு தளங்களின் பெயரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை அச்சடித்துக்கொண்டார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களின் இணைப்புகள் அவற்றைக் கொண்டு இடைமறிக்கப்பட்டன. உலாவிகள் டிஜிநோட்டாரைத் தம் பட்டியலிலிருந்து நீக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலானது.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. கேள்வி கேட்டவரின் தளம் 2004 முதல் நிற்கிறது. வாடகை செலுத்தப்படும்வரை, அவர் ஓராண்டு எட்டிப் பார்க்காவிட்டாலும் அது எச்டிடிபியில் திறந்துகொண்டேதான் இருக்கும். எச்டிடிபிஎஸ்ஸில் அப்படியல்ல; சான்றிதழ் காலாவதியான மறுநாளே உலாவி ஒரு பெரிய எச்சரிக்கைச் சுவரை எழுப்பி வாசகரைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் காலக்கெடுவும் சுருங்கிக்கொண்டே வருகிறது. சான்றிதழ் அமைப்புகளும் உலாவி நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 398 நாட்களாக இருந்த உச்ச வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2029 மார்ச்சில் 47 நாட்களாகிவிடும். பெரிய நிறுவனங்களுக்கு இது ஒரு பொருட்டன்று. தனி மனிதர் ஒருவர் இறந்தபின் அவருடைய தளம் எத்தனை நாள் நிற்கும்? தந்தையின் தொகுப்பை மகன் காக்கிறார். மகனுக்குப் பின் அதை யார் புதுப்பிப்பார்கள்?

இணைப்பு மெலிந்த இடங்களின் குறையும் உண்டு. செயற்கைக்கோள் இணைப்பை மட்டும் நம்பியிருக்கும் கிராமப்புறப் பள்ளிகள், அடிக்கடி படிக்கப்படும் பக்கங்களை உள்ளூர்ச் சர்வரில் சேமித்து வைத்து எல்லா மாணவர்களுக்கும் தந்துவந்தன. எச்டிடிபிஎஸ் வந்தபின் நடுவில் இருக்கும் அந்த நல்ல கைக்கும் பக்கம் தெரியாமல் போனது. முப்பது பேர் ஒரே கட்டுரையைத் திறந்தால் முப்பது முறை வானத்திலிருந்து இறக்க வேண்டியதாகிறது. உகாண்டாவில் இப்படி நடந்ததை வலை வடிவமைப்பாளர் ஒருவர் 2018இல் நேரில் கண்டு எழுதியபோது பெரிய விவாதமே எழுந்தது.

இவ்வளவும் சொன்னபின், உங்கள் தளத்திற்கு எச்டிடிபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்வேனா என்றால், சொல்ல மாட்டேன். சூதாட்ட விளம்பரம் ஒப்பாரியின் அடியில் வந்து நிற்பதைவிட எச்சரிக்கைச் சுவர் மேல். ஆனால் தொகுப்பு முழுவதையும் ஒரு பொதிக் கோப்பாக்கி, ஏதேனும் நூலகத்திடமோ இணைய ஆவணக் காப்பகத்திடமோ ஒரு படி கொடுத்து வையுங்கள்.

பதில் 3: பின்னிரவு நிரலர்

கொள்கையை இருவரும் பேசிவிட்டதால் நான் செய்முறைக்கு வருகிறேன்.

கட்டணம் செலுத்தாதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பர் முதல் எல்லாருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது; மொசில்லா, எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் முதலியவற்றைச் சேர்ந்தவர்கள் தொடங்கியது அது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கும் இதற்கும் மறையாக்கத்தின் வலிமையில் எள்ளளவும் வேறுபாடு இல்லை. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) உங்களுடையதுதானா என்பதை அது ஓர் எளிய சோதனையால் உறுதிசெய்கிறது: குறிப்பிட்ட ஒரு கோப்பை உங்கள் தளத்தில் வைக்கச் சொல்லும், அது அங்கே இருந்தால் சான்றிதழ் வந்துவிடும். இது முழுவதையும் நிரலே பார்த்துக்கொள்வதால் புதுப்பித்தலும் தானாக நடக்கும். கரிசல்காடு நண்பர் அஞ்சும் 47 நாள் கெடு, ஆண்டுக்கொருமுறை கையால் சான்றிதழ் ஏற்றுபவர்களைத்தான் முதலில் வாட்டும். தானியங்கியாக அமைத்துவிட்ட தளத்திற்கு 47 நாளும் 90 நாளும் ஒன்றுதான். எனினும், அந்தத் தானியங்கி எப்போதாவது நின்றுபோகும் என்பது என் பட்டறிவு. நாட்காட்டியில் ஒரு நினைவூட்டலும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இடம் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகை சீபேனல் என்றால், அதில் "எஸ்எஸ்எல்" (இந்த மறையாக்க முறையின் பழைய பெயர்) என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் ஒருமுறை திறந்து பாருங்கள். பல நிறுவனங்கள் இலவச வசதியை உள்ளே வைத்துக்கொண்டே, விற்பனைப் பிரிவின் வாயிலாகக் கட்டணச் சான்றிதழைத் தள்ளப் பார்க்கும்.

டிஜிநோட்டார் பற்றி: அந்த அடிக்குப் பிறகு ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. 2018 ஏப்ரலுக்குப் பின் வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேடுகளில் பதிந்திருக்க வேண்டும், இல்லையேல் குரோம் ஏற்காது. உங்கள் டொமைனுக்கு வேறு யாராவது சான்றிதழ் வாங்கினால், அந்தப் பதிவேட்டில் நீங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம்.

ஆய்வேடுகளில் அச்சான முகவரிகள் சாகாது. எச்டிடிபியில் வரும் கோரிக்கையை, "நிரந்தரமாக இடம் மாறிவிட்டது" என்று பொருள்படும் 301 என்ற விடையோடு அதே பக்கத்தின் எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். முகப்புப் பக்கத்திற்கு மட்டும் திருப்பிவிடும் தவற்றைச் செய்யாதீர்கள்; பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வேண்டும். இக்கால உலாவிகள் எச்டிடிபியில் வரும்போதே, தம்மால் பாதுகாப்பான இணைப்புக்கு மாற முடியும் என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்புகின்றன. அந்தக் குறிப்பு வந்தால் மட்டும் திருப்பிவிடுவதாக அமைத்தால், அதை அனுப்பத் தெரியாத மிகப் பழைய கருவிகளுக்குத் தளம் பழையபடி எச்டிடிபியிலேயே திறக்கும். கடவுச்சொல் வாங்கும் தளத்திற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், உங்களுக்குப் பொருந்தும். ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களில் மட்டும், அவை நம்பும் பட்டியலில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் இல்லாததால் சிக்கல் வரலாம்.

தளம் மெதுவாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் அஞ்சுவது அதைத்தான். 2010இல் ஜிமெயிலை முழுவதும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றியபோது, தங்கள் முன்வரிசைச் சர்வர்களின் கணிப்புச் சுமையில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று கூகுள் பொறியாளர்கள் தெரிவித்தார்கள். எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்க முறையான டிஎல்எஸ்ஸின் 1.3 பதிப்பு 2018இல் வந்து, இணைப்பின் தொடக்கத்தில் இரு முனைகளும் செய்துகொள்ளும் கைகுலுக்கலையும் ஒரே சுற்றாகச் சுருக்கிவிட்டது. உலாவிகள் எச்டிடிபி/2 என்ற விரைவான முறையை மறையாக்கம் உள்ள இணைப்பில் மட்டுமே பேசும் என்பதால், மாறிய பிறகு தளம் விரைவானதாகக் கூட உணரலாம்.

ஒரு பொறி மட்டும் உண்டு. உங்கள் பக்கங்கள் 2004ஐச் சேர்ந்தவை என்பதால் அவற்றுள் சில, தனி எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும் திஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். எழுத்துருக் கோப்பை "எச்டிடிபி" என்று தொடங்கும் முழு முகவரியால் அழைத்திருந்தால், எச்டிடிபிஎஸ் பக்கத்தில் உலாவி அதை ஏற்க மறுத்துவிடும். தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். மாற்றுவதற்கு முன்பே கோப்புகள் அனைத்திலும் தேடி, முழு முகவரிகளை, தளத்தின் பெயர் இல்லாத சார்பு முகவரிகளாக்கிவிடுங்கள். "எப்போதும் எச்டிடிபிஎஸ்ஸிலேயே வா" என்று உலாவிக்கு ஆணையிடும் எச்எஸ்டிஎஸ் என்ற ஏற்பாட்டை முதல் நாளே ஓராண்டுக்கு இட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடக் கெடுவில் தொடங்கி, எல்லாம் சரியென்று தெரிந்தபின் நீட்டுங்கள்.

சுவடிக்கட்டு (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

இலவச வசதி கட்டுப்பாட்டுப் பலகைக்குள்ளேயே இருந்தது. அதை இயக்க மூன்று சொடுக்குகளே தேவைப்பட்டன. கட்டணம் கேட்ட நிறுவனத்திடம் இதைப் பற்றிக் கேட்டேன்; "அதுவும் இருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தது.

நிரலர் நண்பர் எச்சரித்தும், நான் ஒரு கோப்புறையைத் தேடாமல் விட்டுவிட்டேன். நடவுப் பாடல்களில் 43 பக்கங்கள் ஓர் இரவு முழுவதும் புரியாத எழுத்துகளாக நின்றன. மறுநாள் காலையில் எழுத்துருவின் முகவரியைத் திருத்தியதும் சரியாகிவிட்டன. திஸ்கியில் மீந்திருக்கும் பக்கங்களை இந்தச் சாக்கிலேயே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றத் தொடங்கியிருக்கிறேன்.

அந்த வாசகிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் தங்கியிருக்கும் விடுதியின் வைஃபையில் படித்ததாகவும், எச்டிடிபியாக இருந்த வேறு சில தளங்களிலும் அதே விளம்பரத்தைக் கண்டதாகவும் பதில் எழுதினார். மாற்றத்திற்குப் பின் ஒப்பாரிப் பக்கத்தைத் திறந்து படம்பிடித்து அனுப்பியிருக்கிறார். அடியில் ஒன்றுமில்லை, அப்பாவின் பெயரும் சேகரித்த ஊரின் பெயரும் மட்டுமே இருக்கின்றன. அந்த ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதையும் அவரே சுட்டியிருக்கிறார். அது நடுவழியில் யாரும் செருகியதன்று, என் கைப்பிழைதான், திருத்திவிட்டேன்.

தொகுப்பின் படி ஒன்றைப் பொதிக் கோப்பாக்கி, என் அக்காள் மகனிடம் முதலில் கொடுத்து வைத்திருக்கிறேன். நூலகத்திற்கு எந்த வடிவில் கொடுத்தால் ஏற்பார்கள் என்பதைக் கரிசல்காடு ஐயா சொன்னால், அதையும் முடித்துவிடுவேன்.